பேறுகாலத்தில் பக்கத்தில் இருப்பது யார்?

தமிழ்நாட்டில் வீட்டுப் பேறு ஏறத்தாழ மறைந்துவிட்டது. 2019-21ஆம் ஆண்டுகளுக்கான ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மாநிலத்தின் பிறப்புகளில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. பேறுகால இறப்பு விகிதம் 2018-20 காலகட்டத்தில் லட்சம் பிறப்புகளுக்கு 54. அப்போது நாட்டின் சராசரி 97. கிராம சுகாதார செவிலியர்கள், இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் என்று பல கரங்கள் சேர்ந்து கட்டியெழுப்பிய சாதனை இது. இதைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் உரிமை இல்லை.

அதே ஆய்வு இன்னொரு கணக்கையும் தருகிறது. தமிழ்நாட்டின் பிறப்புகளில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சை மூலம் நிகழ்ந்தவை. அரசு மருத்துவமனைகளில் இது 36 விழுக்காடு. தனியார் மருத்துவமனைகளில் 63.8 விழுக்காடு. நாடு முழுமைக்குமான அளவு 21.5 விழுக்காடுதான். அறுவைச் சிகிச்சை மிகுந்ததால்தான் தாய்மார் இறப்பு குறைந்தது என்று இதற்கு அமைதி கூற இயலாது. பேறுகால இறப்பு விகிதம் வெறும் 19 என்றிருந்த கேரளத்திலேயே அறுவைப் பேறு 38.9 விழுக்காடுதான். ஒரு சமுதாயத்தில் இவ்வகைப் பேறு 10 விழுக்காட்டைத் தாண்டிய பிறகு, அதன் உயர்வுக்கும் தாய்-சேய் இறப்புக் குறைவுக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்தது.

மருத்துவமனை வரை பெண்ணைக் கொண்டுசேர்த்துவிட்டோம். அங்கே வலி தொடங்கிய நேரம் முதல், வீடு திரும்பி நாற்பது நாள் கழியும் வரை, அவள் பக்கத்தில் இருப்பது யார் என்ற கேள்விக்கு நம் சுகாதாரக் கொள்கை இன்னும் தெளிவாக விடை சொல்லவில்லை. இனி வரும் ஆண்டுகளில் தாய்-சேய் நலத்தின் தரத்தைத் தீர்மானிக்கப்போவது இந்த விடைதான்.

ஒரு சொல், ஒரு தொழில்

சென்னை, பெங்களூரு, கொச்சி போன்ற நகரங்களில் அண்மைக் காலமாக ‘டூலா’ என்ற சொல் புழங்குகிறது. பணிப்பெண் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் இது. தாய்ப்பாலூட்டல் குறித்து 1973இல் வெளிவந்த தம் நூலில், பிள்ளைபெற்ற பெண்ணுக்கு உறுதுணையாக நிற்கும் பெண்ணைக் குறிக்க அமெரிக்க மானிடவியலாளர் டானா ரஃபேல் இச்சொல்லைக் கையாண்டார். பின்னர் அது ஒரு தொழிலின் பெயராயிற்று.

டூலா என்பவர் மருத்துவர் அல்லர், செவிலியரும் அல்லர். ஊசி போடுவதோ, சோதனை செய்வதோ, குழந்தையை ஏந்தி எடுப்பதோ அவர் வேலையன்று. கர்ப்ப காலத்தில் ஐயங்களைத் தீர்ப்பது, வலியின்போது உடனிருந்து இடுப்பைத் தடவிக்கொடுப்பது, நடக்கவும் நிலைமாறி அமரவும் கைகொடுப்பது, மருத்துவர் சொல்வதைப் புரியும்படி எடுத்துச் சொல்வது, பிறந்த பின் பால் கொடுக்கப் பழக்குவது, தாய் உண்ணவும் உறங்கவும் வழிசெய்வது ஆகியவையே அவருடைய பணிகள். தமிழில் இவரைப் பேறுகாலத் துணையாளர் எனலாம்.

இது வசதி படைத்தோரின் புதிய மோகம் என்று தள்ளிவிட முடியாதபடி ஆய்வுச் சான்றுகள் உள்ளன. குவாத்தமாலா நாட்டு மருத்துவமனை ஒன்றில் சோசா, கென்னல், கிளாஸ் ஆகியோர் நடத்திய சிறு ஆய்வு 1980இல் வெளியானது. முன்பின் அறிமுகமில்லாத, மருத்துவப் பயிற்சியும் இல்லாத ஒரு பெண் உடனிருந்தபோது, சிக்கலற்ற பேறுகளில் வலிநேரம் பாதிக்கும் கீழே குறைந்திருந்ததை அவர்கள் பதிவு செய்தனர். அதன் பின் பல நாடுகளில் இதே கேள்வி சோதிக்கப்பட்டது. 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து, காக்ரேன் அமைப்பு 2017இல் முடிவுகளை வெளியிட்டது. வலி நேரம் முழுவதும் ஒருவர் இடையறாது துணையிருந்த பெண்களிடையே அறுவைச் சிகிச்சைக்கான வாய்ப்பு ஏறத்தாழக் கால் பங்கு குறைந்திருந்தது. வலிநேரம் சற்றே சுருங்கியிருந்தது. பேறு அனுபவம் குறித்த மனக்குறையும் குறைந்திருந்தது. தீங்கு எதுவும் புலப்படவில்லை. பிற நாடுகளின் முடிவுகள் அதே அளவில் நம் ஊரிலும் பலிக்கும் என்று உறுதி கூற முடியாது. ஆனாலும், பயன் மிகுந்து, பக்கவிளைவு இன்றி, விலையும் குறைந்த தலையீடுகள் மருத்துவத்தில் அரியவை. பேறுகாலத்தில் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் விரும்பும் ஒருவர் துணையிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்ததற்கு இதுவே அடிப்படை.

நாஞ்சில் நாட்டின் பழைய ஏற்பாடு

பெயர்தான் புதிது, பணி நமக்குப் பழையது. பத்மநாபபுரம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திருவிதாங்கூரின் பழைய தலைநகரான இவ்வூரின் அரண்மனை, மண் தமிழ்நாட்டினுடையதாயினும், இன்றும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. பத்மநாபபுரத்தின் பெயர் தாங்கிய அரசுத் தலைமை மருத்துவமனை அருகிலுள்ள தக்கலையில் செயல்படுகிறது. மருத்துவ வசதியில் இம்மாவட்டம் பின்தங்கியது அன்று. நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி 1838இலேயே தொடங்கிவிட்டது. நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மியின் கேதரின் பூத் மருத்துவமனை ஒரு நூற்றாண்டைக் கடந்தது. ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மருத்துவமனைகள் வருமுன் இருந்த ஏற்பாடு இரண்டு பெண்களின் உழைப்பால் நின்றது. ஒருவர், கர்ப்பிணியின் தாய். முதற்பேறு தாய்வீட்டில் என்ற வழக்கத்தைச் சடங்காக மட்டும் பார்ப்பது தவறு. ஏழாம் மாதத்தில் மகளை அழைத்துவந்து, பிள்ளைபெற்ற பின் மூன்று மாதம் வரை வைத்திருந்து அனுப்புவது என்றால், புகுந்த வீட்டின் அடுக்களையிலிருந்து ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஆறு மாத விடுப்பு என்று பொருள். சட்டம் எழுதாத மகப்பேறு விடுப்பு அது. அதன் செலவைப் பிறந்த வீடு ஏற்றது.

மற்றவர் மருத்துவச்சி. இம்மாவட்டத்தின் மேற்குப் பகுதிகளில் வயற்றாட்டி என்றும் சொல்வதுண்டு. பிள்ளையைப் பிறப்பிப்பதோடு அவர் வேலை முடிந்துவிடுவதில்லை. தாய்க்கு எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பாட்டுவது, வயிற்றைக் கட்டுவது, குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுவது, மருந்து இடித்துக்கொடுப்பது என்று பல நாள் வந்துபோவார். ‘பச்சை உடம்புக்காரி’ என்ற ஒரே சொல்லில் அக்காலம் ஒரு கொள்கையையே அடக்கியிருந்தது: பிள்ளைபெற்றவள் உடல் ஆறாதவள், அவள் வேலை செய்யக்கூடாது, அவளுக்கு மற்றவர்கள் வேலை செய்ய வேண்டும்.

இந்த ஏற்பாட்டைப் பொற்காலமாக்கிப் பேசுவது நேர்மையாகாது. சுத்தமற்ற கருவியால் தொப்புள் கொடி அறுத்ததால் மாண்ட குழந்தைகள் எத்தனையோ. சீம்பாலைப் பீய்ச்சி வீணாக்கியதும், பிள்ளைபெற்றவளுக்குத் தண்ணீரையும் உணவையும் குறைத்ததும் அன்றைய பத்தியம்தான். மருத்துவச்சிகளுள் பெரும்பாலோர் சாதி அடுக்கில் தாழ்த்தி வைக்கப்பட்ட வகுப்பினர். பேறு நேரத்தில் உள்ளறை வரை அழைக்கப்பட்டவர், மற்ற நாள்களில் வாசலிலேயே நிறுத்தப்பட்டார். அவருடைய அறிவுக்கு விலையாகக் கிடைத்தது கொஞ்சம் நெல்லும் ஒரு புடவையும். தாயின் உழைப்புக்கோ விலையே இல்லை. விலையற்ற உழைப்பின் மேலும் விலை குறைத்த உழைப்பின் மேலும் எழுந்த ஏற்பாடு அது.

அதிலிருந்து கொள்ளத்தக்கதைக் கொண்டு, தள்ளத்தக்கதைத் தள்ளியவர்களும் இருந்தனர். 1916இல் திருவனந்தபுரம் தைக்காடு மகளிர்-குழந்தைகள் மருத்துவமனைப் பொறுப்பேற்ற டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ், நாட்டு மருத்துவச்சிகளைப் பகைத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கே முறையான பேற்றுப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்தார். பின்னாளில் திருவிதாங்கூரின் தலைமை அறுவை மருத்துவர் பொறுப்பு வரை உயர்ந்தார். 1956 நவம்பர் 1 வரை கல்குளமும் விளவங்கோடும் அந்த அரசுப் பரப்பில்தான் இருந்தன என்பதால் அவர் நம் வரலாற்றிலும் ஒருவர். பழைய பணியாளரைப் புதிய முறைக்குள் கொண்டுவருவது எப்படி என்பதற்கு நூறாண்டுக்கு முன்பே விடை கிடைத்திருந்தது. பிற்காலத்தில் நாம் மருத்துவச்சியை நீக்கினோம். அவர் செய்த வேலைகளுள் பேறு பார்ப்பதை மட்டும் மருத்துவமனைக்கு மாற்றினோம். எஞ்சியவற்றை யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

குலைந்த கூட்டு

எஞ்சியவற்றை இதுவரை தாங்கிவந்தது கர்ப்பிணியின் தாய். அந்தத் தூணும் இப்போது ஆட்டம் காண்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டுடன் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் கன்னியாகுமரி. இங்குப் பெண்கள் படித்தார்கள். ஆசிரியர்களாக, செவிலியர்களாக, அலுவலர்களாக வெளியூர் சென்றார்கள். ஆண்களில் பலர் வளைகுடா நாடுகளிலும் கடலிலும் இருக்கிறார்கள். மாநிலத்தின் கருவள விகிதம் ஐந்தாவது குடும்ப நல ஆய்வில் 1.8 ஆகக் குறைந்திருந்தது. ஐந்தாறு பிள்ளைகள் இருந்த வீட்டில் மூத்தவள் பேறுக்குத் தங்கை கைகொடுத்தாள். ஒற்றைப் பிள்ளை வீட்டில் தங்கை ஏது?

இன்று பாட்டியாகப் போகிறவரின் வயது ஐம்பதைச் சுற்றி இருக்கிறது. அவர் முந்திரி ஆலைக்குப் போகும் கூலித் தொழிலாளியாக இருக்கலாம். ஓய்வுபெறாத ஆசிரியையாக இருக்கலாம். படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்பவராகவும் இருக்கலாம். மூன்று மாதம் வேலையை விட்டு மகளோடு இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு மூன்று மாத ஊதியம் இழப்பு. வசதியுள்ளோர் பேறுகாலம் பார்க்க ஆள் வைத்துக்கொள்கிறார்கள். வசதியற்றோர் வீட்டில், அறுவைச் சிகிச்சைத் தழும்பு ஆறும் முன்னரே பெண் தண்ணீர்க் குடம் தூக்குகிறாள்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அவற்றில் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். பேறுகாலம் வந்துவிட்டால் வீட்டு வேலை குறைவதில்லை, கூடுகிறது. அதைச் செய்பவர் மாத்திரம் ஒருவர் குறைகிறார். இந்த இடைவெளியில்தான் பேறுகால மனச்சோர்வு முளைக்கிறது. 20,000க்கும் மேற்பட்ட இந்தியத் தாய்மாரை உள்ளடக்கிய 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான மதிப்பீடு, பிள்ளைபெற்றவர்களுள் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் மனச்சோர்வுக்கு ஆளாவதாகக் கூறியது. ஐந்து தாய்மாரில் ஒருவருக்கு மேல் என்று பொருள். நம் வீடுகளில் அதற்கு வழங்கும் பெயர் ‘திமிர்’ அல்லது ‘சோம்பல்’.

நேரத்தின் பொருளியல்

இச்சிக்கலை மருத்துவரின் பேராசை என்றோ செவிலியரின் கடுகடுப்பு என்றோ சுருக்கிவிடுவோர் உண்டு. பொருளியல் வேறு விளக்கம் தரும். அமெரிக்கப் பொருளியலாளர்கள் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் இருவரும் 1966இல் நிகழ்த்து கலைகளை ஆராய்ந்து ஓர் உண்மையைச் சொன்னார்கள். இயந்திரம் வந்த பின் ஒரு சட்டையைத் தைக்க ஆகும் உழைப்பு நேரம் குறைந்துகொண்டே போகிறது. நான்கு பேர் வாசிக்கும் இசைக்கோவைக்கோ அன்று ஆன நேரம்தான் இன்றும் ஆகும். ஆகவே, மற்ற துறைகளில் ஊதியம் உயர உயர, நேரத்தைச் சுருக்க முடியாத பணிகள் ஒப்பீட்டளவில் விலையேறிக்கொண்டே போகும். அவற்றைச் செய்வோர் எண்ணிக்கையைக் குறைக்கும் நெருக்கடியும் வளரும்.

பேற்றுவலி இவ்வகைப் பணிகளுக்கெல்லாம் தலையாயது. முதற்பேறு பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ நீளக்கூடும். அந்நேரம் முழுவதும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்றால், பணியில் உள்ள இரண்டொரு செவிலியர் ஒரே நேரத்தில் பல பெண்களைக் கவனிக்கும் பேற்றறையில் அது நடவாது. அறுவைச் சிகிச்சையோ ஒரு மணி நேரத்துக்குள் முடிவது; நாளும் நேரமும் குறித்துச் செய்யத்தக்கது. நல்ல நாள் பார்க்கும் குடும்பத்தின் விருப்பமும், வழக்குக்கு அஞ்சும் மருத்துவரின் தயக்கமும், காத்திருப்புக்கு விலை தராத கட்டண முறையும் ஒரே திசையில் தள்ளுகின்றன. தனியாரில் 63.8 விழுக்காடு என்பது தனிமனிதர்களின் குற்றப்பட்டியலாக இருக்க முடியாது. காத்திருக்கும் நேரத்துக்கு யாரும் ஊதியம் தராத ஒரு சந்தையின் விளைவு அது.

தனியாக விடப்படும் பெண் அச்சத்தால் அலறுகிறாள். அலறலைக் கேட்டுச் சலித்த ஊழியர் அதட்டுகிறார். அதட்டலால் அச்சம் மிகுகிறது. தமிழ்நாட்டின் எளிய பெண்களின் பேறு அனுபவங்களை ஆராய்ந்து சிசிலியா வான் ஹோலன் 2003இல் வெளியிட்ட நூல், நவீன மருத்துவத்தை விரும்பி நாடிய பெண்களே அதன் நடத்தையால் புண்பட்டதை விரிவாகப் பதிவு செய்தது. அறையில் உறவினர் ஒருவர் இருந்தாலே சொற்கள் மாறும். துணையாளர் அந்தப் பெண்ணுக்கு ஆறுதல். அமைப்புக்கு ஒரு சாட்சி.

2004இல் தொடங்கி நின்ற இடம்

தமிழ்நாடு இதை அறியாததன்று. அரசு மருத்துவமனைகளில் பேற்றின்போது உறவுப்பெண் ஒருவர் உடனிருக்க இசைவளிக்கும் திட்டத்தை 2004இலேயே தொடங்கிய மாநிலம் இது. ஒன்றிய அரசு இதே வழியில் 2016இல் வழிகாட்டுதல் வெளியிட்டது; 2017 இறுதியில் தொடங்கிய ‘லக்‌ஷ்யா’ திட்டம் பேற்றறைத் தர அளவுகோல்களுள் துணையிருப்பையும் சேர்த்துக்கொண்டது. பன்னிரண்டு ஆண்டு முந்தி நின்றது நமக்குப் பெருமையே.

ஆனால், இசைவு வேறு, ஏற்பாடு வேறு. கட்டில்களுக்கிடையே திரையில்லாத அறையில், பிற பெண்களின் மறைவு கருதி, துணைக்கு வந்தவரை வெளியே அனுப்புவது எளிது. உள்ளே விடப்பட்டாலும், மகளின் வலியைக் கண்டு தாமே நடுங்கும் தாய்க்கு என்ன செய்வதென்று யாரும் சொல்லித்தருவதில்லை. வேலைக்குப் போகும் தாயோ, தாயே இல்லாதவளோ, வடமாநிலத்திலிருந்து பிழைக்க வந்து இங்குப் பிள்ளைபெறும் பெண்ணோ என்றால் உடனிருக்கவே ஆளில்லை. துணை யாருக்கு மிகத் தேவையோ அவருக்கு அது கிட்டாமல் போகிறது.

வீடு திரும்பிய பின் நிலைமை இன்னும் மெலிவு. தாய்மார் இறப்பில் பெரும்பகுதி பிள்ளை பிறந்த பிறகே நேர்கிறது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் வீடு சென்று பார்க்க வேண்டும் என்று தேசிய வழிகாட்டுதல் வகுத்துள்ளது. மற்ற மாநிலங்களில் இதைச் செய்யும் ‘ஆஷா’ பணியாளர்கள் தமிழ்நாட்டில் மலைப்பகுதிகளிலும் பின்தங்கிய இடங்களிலுமே உள்ளனர். இங்குச் சுமை முழுவதும் கிராம சுகாதார செவிலியர் தலையில். தடுப்பூசி, கர்ப்பப் பதிவு, கணினியில் தரவேற்றம் என்று ஓடும் அவரால் எட்டிப்பார்த்து எடை போட முடியும். பால் கட்டிக்கொண்டு அழும் தாயோடு இரண்டு மணி நேரம் உட்கார முடியாது.

பணம் தருகிறோமே என்று கேட்கலாம். முத்துலெட்சுமி ரெட்டி திட்டம் 1987இல் 300 ரூபாயில் தொடங்கியது, இன்று ரூ.14,000 ரொக்கமும் ரூ.4,000 பெறுமான ஊட்டச்சத்துப் பெட்டகங்களுமாக ரூ.18,000 அளவில் நிற்கிறது. கூலி இழப்பை ஓரளவு ஈடுசெய்யும் அருமையான திட்டம். இருப்பினும், வாங்குவதற்கு ஊரில் சேவையே இல்லாதபோது ரொக்கம் அச்சேவையைத் தோற்றுவிக்காது. 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கொண்டுவந்த 26 வார ஊதிய விடுப்பு, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனங்களின் ஊழியர்களுக்கே பெரும்பாலும் பயன்படும். ரப்பர் பால் வெட்டுபவளுக்கும் மீன் விற்பவளுக்கும் அது எட்டாக்கனி.

பிறர் கண்ட வழிகள்

நெதர்லாந்தில் பிள்ளைபெற்ற ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயிற்சிபெற்ற பணியாளர் ஒருவர் சுமார் எட்டு நாள், நாளுக்குச் சில மணி நேரம் வீட்டுக்கே வருகிறார். தாயின் உடல்நிலையைக் கவனிக்கிறார், பாலூட்டப் பழக்குகிறார், மூத்த பிள்ளையையும் அடுக்களையையும் பார்த்துக்கொள்கிறார். கட்டாய மருத்துவக் காப்பீடு செலவின் பெரும்பகுதியை ஏற்கிறது. அமெரிக்காவில் மினசோட்டா, ஓரிகன் மாநிலங்கள் முன்னோடிகளாக, ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டிலேயே டூலா கட்டணத்தைச் சேர்த்தன. கலிபோர்னியா 2023 ஜனவரியில் சேர்த்தது. அவ்வளவு தூரம் போவானேன்? 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவின் வழிவந்த இலங்கையில், குடும்பநல மருத்துவமாது வீடு தேடிச் சென்று தாயைப் பார்ப்பது இன்றும் தாய்-சேய் நலத்தின் முதுகெலும்பு.

நாம் தொடங்க வேண்டியது சிறிய அளவில், ஊதியத்தோடு, அரசின் பொறுப்பில். கல்குளம் வட்டத்தையே முன்னோட்டக் களமாகக் கொள்ளலாம். பிள்ளைபெற்று வளர்த்த அனுபவமும், பத்தாம் வகுப்பு அளவு கல்வியும் உள்ள உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்து, சில வாரப் பயிற்சி அளித்துப் பேறுகாலத் துணையாளராக்க வேண்டும். முதற்பேறுக்கு வருவோர், உறவுத்துணை இல்லாதோர், அறுவைச் சிகிச்சை ஆனோர் ஆகியோருக்கு முன்னுரிமை தரலாம்.

செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பேறுக்குக் கர்ப்பகாலச் சந்திப்பு, வலிநேரத் துணை, பின்னர் வீட்டு உதவி எல்லாம் சேர்த்து 40 மணி நேரம், மணிக்கு ரூ.150 என்று கொண்டால் ரூ.6,000 ஆகிறது. அரசு மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 5 லட்சம் பேறு என்று வைத்துக்கொண்டால், மாநிலம் முழுமைக்கும் ரூ.300 கோடி. 2025-26இல் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ ரூ.21,900 கோடியில் இது ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஆண்டுக்கு 45 பேறுகளைக் கவனிக்கும் ஒருவருக்கு மாதம் ரூ.22,500 வருமானம் கிடைக்கும். சுமார் 11,000 பெண்களுக்கு அவரவர் ஊரிலேயே வேலை கிடைக்கும். பயிற்சிக்கும் மேற்பார்வைக்கும் கூடுதலாக ஒரு பங்கு ஆகலாம். தவிர்க்கப்படும் அறுவைச் சிகிச்சைகளின் மிச்சத்தையும், பாட்டியின் கூலி இழப்பு குறைவதையும் நான் இக்கணக்கில் சேர்க்கவில்லை.

எழும் ஐயங்கள்

மூன்று ஐயங்களுக்கு விடை சொல்லியாக வேண்டும். முதலாவது, இது மருத்துவமனை மீதான அவநம்பிக்கையை வளர்க்காதா என்பது. 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் காட்சிகளைப் பார்த்து வீட்டிலேயே பேறு நடத்த முயன்றதில் ஓர் இளந்தாய் உயிரிழந்ததை நாடறியும். ‘இயற்கைப் பேறு’ என்ற பெயரில் மருத்துவத்தையே புறக்கணிக்கச் சொல்லும் எந்தக் குரலுக்கும் இங்கு இடமில்லை. துணையாளர் மருத்துவமனை அமைப்பின் ஓர் உறுப்பாக, எல்லை வரையறுக்கப்பட்டு, அடையாள அட்டையோடு இயங்கினால் அவநம்பிக்கை குறையுமே ஒழியக் கூடாது. இன்று நகரங்களில் எவரும் சில நாள் இணையவழி வகுப்பு முடித்து டூலா என்று பலகை மாட்டலாம் என்ற நிலைதான் ஆபத்தானது. அரசு ஒதுங்கி நிற்பது அந்த ஆபத்தைப் பெருக்கும்.

இரண்டாவது, பேற்றறையில் இட நெருக்கடி. கட்டிலுக்குக் கட்டில் திரை, ஒரு நாற்காலி, கைகழுவும் வசதி என்ற மூன்றுக்கும் பெரும் செலவில்லை. துணையாளர் நெரிசலைக் கூட்டுகிறார் என்பதைவிட, செவிலியரின் கைகளை விடுவிக்கிறார் என்பதே பொருந்தும். செவிலியர் பணியிடங்களை நிரப்பாமல் விடுவதற்கு இத்திட்டம் சாக்காகிவிடவும் கூடாது.

மூன்றாவது ஐயமே என்னை மிகவும் உறுத்துவது. பெண்களின் பரிவைத் தொண்டு என்று புகழ்ந்து, ஊதியத்துக்குப் பதில் ‘மதிப்பூதியம்’ தரும் வழக்கம் நம் அரசுகளுக்குப் பழகிப்போனது. நாடெங்கும் உள்ள ஆஷா பணியாளர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் விருதளித்தது. 2025 பிப்ரவரியில் அதே ஆஷா பணியாளர்கள் மதிப்பூதிய உயர்வு கேட்டுத் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் போராட்டத்தில் அமர்ந்தனர். பேறுகாலத் துணையாளரையும் இப்பட்டியலில் சேர்ப்பதாயிருந்தால், நெல்லும் புடவையும் கொடுத்து மருத்துவச்சியை வாசலில் நிறுத்திய பழைய அநீதியைப் புதிய பெயரில் தொடர்வதாகவே முடியும். மணிக்கணக்கில் ஊதியம், காப்பீடு, வருங்கால வைப்பு நிதி ஆகியன உறுதியாகாமல் இத்திட்டத்தைத் தொடங்கக் கூடாது.

கணவன்மார்களின் பங்கையும் சொல்லாமல் விட இயலாது. ஒன்றிய அரசின் வழிகாட்டுதலே, மறைவுக்கு வசதியுள்ள இடங்களில் கணவர் உடனிருக்கலாம் என்கிறது. பேற்றறை வாசலில் கைபேசியோடு காத்திருப்பவருக்கும், கர்ப்பகால வகுப்புகளில் ஒன்றிரண்டு அமர்வுகளாவது ஒதுக்கினால், துணையாளர் போன பின்னும் வீட்டில் ஒரு துணை மிஞ்சும்.

தாய்மார் இறப்பைக் குறைக்கும் முதற்கட்டப் போரில் தமிழ்நாடு கட்டடங்களாலும் மருந்துகளாலும் மருத்துவர்களாலும் வென்றது. அடுத்த கட்டம் பணத்தைவிட நேரத்தை வேண்டுவது. ஒருவர் இன்னொருவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் நேரத்தை. குடும்பம் அதை இலவசமாக வழங்கிய காலம் முடிந்துவருகிறது. சந்தையிடம் விட்டால் அது வாங்க வல்லோர்க்கு மட்டும் கிட்டும். அரசு தன் அடுத்த நிதிநிலை அறிக்கையில் ஒரே ஒரு வட்டத்துக்கேனும் இதற்கென நிதி ஒதுக்கி, ஈராண்டு நடத்தி, முடிவுகளை மக்கள் முன் வைக்கட்டும். அறுவைப் பேறு குறைகிறதா, தாய்ப்பாலூட்டல் கூடுகிறதா, மனச்சோர்வு தணிகிறதா என்று அளந்து பார்த்த பின் விரிவுபடுத்தலாம். 2004இல் பேற்றறைக் கதவைத் திறந்துவிட்ட மாநிலம், அந்தக் கதவின் வழியே உள்ளே போக ஆளில்லாத பெண்களுக்கு ஓர் ஆளை அனுப்பிவைக்க இன்னும் காலம் தாழ்த்தலாகாது.